மூத்துவரும் இலங்கை

ஆளுக்கு வயது உண்டென்பது போல நாட்டுக்கும் வயது உண்டு. அதனை அறியும் வழி கடினமானதன்று. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும், பிறந்த குழந்தை முதலாகத் தொண்டு கிழவர் ஈறாக, வயது முறைப்படி ஒரே வரிசையில் நிறுத்தினோமாயின், அவ்வரிசையின் நட்ட நடுவே நிற்பவர் எவரோ அவரது வயதையே நாட்டின் வயது எனக் கொள்ளலாம். புள்ளிவிபர நூலார் இதனை இடைநிலை வயது என்பர். ஆபிரிக்காவிலுள்ள நைகர் என்னும் நாட்டுக்கு இவ்வயது ஏறத்தாழ 15. அந்நாடு இன்னும் பள்ளிப் பருவத்தில் நிற்கின்றது எனலாம். யப்பானுக்கோ ஐம்பதை எட்டும் வயது. எமது இலங்கைக்கு 1963ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வயது ஏறத்தாழ 19. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி 31. அதன் பின்னரும் அது ஏறிக்கொண்டே போகின்றது.

கல்லூரி விழாமலரில் இப்பொருள் எதற்கு என வினவுவாரும் உளராகலாம். கல்லூரிக்கு ஆண்டு ஏறினால் வெள்ளி என்றும் பொன் என்றும் வைரம் என்றும் பெயர் சூட்டி மகிழ்கின்றோம். எத்துணை ஆண்டு சென்றாலும் கல்லூரி கிழடாவதில்லை. ஏனெனில், தை மாதந்தோறும் புதுப்பிள்ளைகள் வாயிலில் வந்து நிற்கின்றனர். பழையோர் வெளியேறப் புதியோர் புகுகின்றனர். நாட்டின் நிலையும் இதுவே. புதியோர் வரவு குறையாதவரையில் எந்த நாடும் மூப்படைவதில்லை. இவ்வுண்மையைப் பலர் உணராதிருத்தலாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மக்கள் நெடுங்காலம் வாழ்வதனாலேதான் நாட்டில் முதியோர் தொகை பெருகுகின்றது என்பது பொதுவாக நிலவும் கருத்து. பார்த்த மாத்திரத்தில் அது சரியெனவே தோன்றும். ஆயின், எமது நாட்டு வரலாறே அதற்கு மாறாகச் சான்று கூறுகின்றது.

1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையைச் சூறையாடிய மலேரியாக் காய்ச்சலுக்கு ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் இரையாயினர். 1935இல் பிறந்த குழந்தைகளுள் ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. நாற்பதுகளின் நடுப்பகுதியில் டீ.டீ.ரீ. என்னும் மருந்தை வீடுகளிற் தெளிக்கத் தொடங்கினர். மகப்பேற்று நிலையங்களும் மருத்துவ மாதரும் குடிநீர் வசதியும் முன்னமே பெருகிவந்தமையால், அம்மருந்து அவற்றோடு கூடி வியத்தகு பயனை விளைத்தது. 1946இல் ஆயிரத்துக்கு இருபது அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டிலேயே பதினான்காக இறங்கிற்று. உலகிற் பிற நாடுகள் பல பத்தாண்டுகளிற் கண்ட மாற்றத்தை இலங்கை ஓராண்டிற் கண்டதென்று அக்காலத்து அறிஞர் வியந்தனர். மலேரியா முற்றாக ஒழிந்த நாடென்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கிற்று என்பதையும் ஈண்டுக் கூறி வைப்போம்.

மரணம் இவ்வாறு பின்வாங்கிய அக்காலத்தில் நாடு மூத்ததா? இல்லை, இளமையுற்றது. மரணத்தினின்று தப்பியோர் பெரும்பாலும் குழந்தைகளே ஆதலின், குழந்தைகளின் தொகையே பெருகிற்று. 1946இல் நூற்றுக்கு 37 பேராக இருந்த பதினைந்து வயதுக்குட்பட்டோர், 1963இல் நூற்றுக்கு 41 பேருக்கு மேலாயினர். நடுநின்றவரின் வயது 21இலிருந்து 19க்கு இறங்கிற்று. மனிதர் எவருக்கும் வாய்க்காத இப்பேறு நாடுகளுக்கு வாய்ப்பதுண்டு. பதினேழு ஆண்டு சென்றபின் இரண்டு வயது குறைந்து நின்றது எமது நாடு. அறுபத்தைந்தைக் கடந்தோர் அந்நாளில் நூற்றுக்கு நால்வர்கூட இல்லை.

பின்னர் மூப்புக்கு வழி திறந்தது பிறப்பு வீதத்தின் வீழ்ச்சியே. 1945இற் தொடங்கிய இலவசக் கல்வியினாற் பெண்பிள்ளைகள் நெடுங்காலம் பள்ளியில் இருந்தனர். 1953இல் ஏறத்தாழ 21ஆக இருந்த பெண்களின் சராசரி மணவயது, 1981இல் 24ஐக் கடந்தது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை தாய்மார்க்குப் பிறந்தமையால், எண்மரைப் பெற்று நால்வரை வளர்க்கும் தேவை ஒழிந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளும் பரவின. ஐம்பதுகளில் ஒரு தாய்க்கு ஐந்து பிள்ளைக்கு மேல் என்றிருந்த கணக்கு, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இரண்டளவில் வந்து நின்றது. பின்னர்ச் சிறிது ஏறி, இப்பொழுது இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளை என்பது தாயும் தந்தையும் விட்டுச்செல்லும் இரண்டு இடங்களை நிரப்பும் அளவேயாம். அதனிற் குறைந்தால், வரிசையின் முன்பக்கம் மெலிந்து, நடுவிடம் தானாகவே பின்னோக்கி நகரும். நெடுவாழ்வும் மூப்புக்கு ஒரு காரணமே எனினும் அது பிந்தி வந்து சேர்வது.

ஈண்டு ஓர் இடைப்பிறவரல். தமிழ் கற்பிப்போர் ஆதலின் எமக்கு இது தோன்றுகின்றது. பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகப் பெண்பாற் பருவம் ஏழெனத் தமிழ் நூலார் வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வயதெல்லையும் கூறினர். இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணின் எல்லை நாற்பது. நாற்பதுக்கு மேல் அவர்கள் பெயர் வைக்கவில்லை. உலாப் பாடும் புலவனுக்கு அதற்குமேல் வேலை இல்லையென்பது காரணமாகலாம். எவ்வாறாயினும், இன்று இலங்கையிற் பிறக்கும் பெண்ணொருத்தி எண்பது வயதளவு வாழ்வாளென எதிர்பார்க்கப்படுகின்றது. அவளது வாழ்நாளிற் பாதி, பழைய கணக்கிற் பெயரில்லாப் பருவமாய்க் கிடக்கின்றது.

இனி, ஒரு நாட்டை முதிய நாடென எப்பொழுது சொல்வது? அறுபத்தைந்து வயதை எல்லையாகக் கொண்டு, அதனைக் கடந்தோர் நூற்றுக்கு எழுவராயின் அந்நாடு மூப்பெய்தத் தொடங்கியது என்றும், பதினால்வராயின் மூத்தது என்றும், இருபதைத் தாண்டினால் மிக மூத்தது என்றும் அளவிடுவது வழக்கம். எழுவர் என்னும் அளவு 1956இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட அறிக்கையினின்று பரவியது. அறுபத்தைந்து என்னும் எல்லையை யேர்மனியின் முதலமைச்சர் பிஸ்மார்க் வகுத்தார் எனப் பலர் எழுதுகின்றனர், அது பிழை. 1889இல் அவர் நிறைவேற்றிய முதுமைக் காப்புச் சட்டம் எழுபது வயதையே எல்லையாகக் கொண்டது. அறுபத்தைந்தாக அது குறைக்கப்பட்டது 1916இலே. பிஸ்மார்க் இறந்து பதினெட்டாண்டு கழிந்தபின்.

அளவு அறிந்தோம், இனி நாடுகளை ஒப்பிடுவோம். ஈண்டு நோக்கவேண்டியது எந்நாட்டில் முதியோர் அதிகம் என்பதன்று; எழுவரிலிருந்து பதினால்வரை எட்டுதற்கு எத்துணைக் காலம் சென்றது என்பதே. எம் கருத்தில் இப்பொருளின் உயிர்நிலை இதுவே.

பிரான்சு தேசத்திற் பிறப்பு வீதம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குறையத் தொடங்கிற்று. அந்நாடு எழுவர் என்னும் அளவை அடைந்தது 1860களில். பதினால்வரை அடைந்தது 1979 அளவில். இடையிற் சென்றது ஏறத்தாழ 115 ஆண்டு. அதாவது பாட்டன், தந்தை, மகன், பேரன் என நான்கு தலைமுறை. அக்காலத்துள் அந்நாட்டார் மூன்று பெரும் போர்களைக் கண்டனர். பேரரசு ஒன்றைக் கட்டி இழந்தனர். தொழிற்சாலைகளும் ஓய்வூதிய நிதிகளும் வைத்தியசாலைகளும் அமைத்தனர். சுவீடன் இவ்வழியைக் கடக்க ஏறத்தாழ 85 ஆண்டு எடுத்தது. எல்லாக் குடிகளுக்கும் உரிய ஓய்வூதியச் சட்டத்தை 1913இல் நிறைவேற்றியபோது அந்நாடு பாதி வழிகூட வந்திருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டு. பிரித்தானியாவுக்கு ஏறத்தாழ நாற்பத்தைந்து. பிரித்தானியர் எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து சிலிங் கொடுக்கத் தொடங்கியது 1909ஆம் ஆண்டுத் தைத் திங்கள் முதல் நாள். எழுவர் என்னும் அளவை அவர் அடையுமுன் இருபது ஆண்டளவில் இருந்தது.

யப்பான் 1970இல் எழுவரை எட்டிற்று. 1994இற் பதினால்வரை எட்டிவிட்டது. இருபத்துநான்கே ஆண்டு. தென்கொரியா அதனையும் விஞ்சி, 2000ஆம் ஆண்டளவில் எழுவரும் 2018 அளவிற் பதினால்வரும் ஆகி, 2024 மார்கழியில் இருபதைத் தொட்டது. அந்நாட்டில் ஒரு தாய்க்கு 2023இல் 0.72 பிள்ளை. பாதிப் பிள்ளை எவ்வாறு பிறக்கும் என்று வகுப்பில் எவரேனும் நகைக்கலாம். இரண்டு வீடுகளுக்கு ஒன்றரைப் பிள்ளைகூட இல்லை என்பதே அதன் பொருள்.

இவ்வரிசையில் இலங்கை எங்கே நிற்கின்றது? 2012இல் நூற்றுக்கு 7.9, 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் 12.6. பதினான்குக்கு இன்னும் சில ஆண்டே உண்டு. அஃதாவது, எமது வேகம் பிரான்சின் வேகமன்று, யப்பானின் வேகம். யப்பானியர் ஓடிய ஓட்டத்தை அவர்தம் பணப்பையின்றி யாம் ஓடுகின்றோம். 1994இல் யப்பான் உலகின் மிகச் செல்வம் படைத்த நாடுகளுள் ஒன்று. எமது நாட்டின் ஆள்வீத வருமானம் ஆண்டுக்கு ஐயாயிரம் டொலரையும் எட்டவில்லை; 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது எனக் கைவிரித்த நாடும் இதுவே.

யப்பானைப் பற்றிச் சிறிது விரித்துக் கூறுதல் பொருந்தும். எம்மைப் போல அவர்களும் அறுபதாண்டுச் சக்கரம் உடையவர்கள். பிரபவ முதலாக அட்சய ஈறாக யாம் எண்ணுவது போல, பன்னிரு விலங்கையும் ஐம்பொருளையும் பிணைத்து அவர் எண்ணுவர். அறுபது நிறைந்தவருக்கு யாம் மணிவிழாச் செய்கின்றோம். அவர் செந்நிறக் குல்லாயும் மேலாடையும் அணிவித்து, சக்கரம் ஒரு சுற்று முடிந்தமையால் மீண்டும் குழந்தையானார் எனக் கொண்டாடுவர். இச்சக்கரத்திலே தீக்குதிரை ஆண்டு என ஒன்றுண்டு. அவ்வாண்டிற் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்பது பழைய மூடநம்பிக்கை. 1966 அவ்வாண்டு, எமது பராபவ வருடம். 1965இற் பிறந்த குழந்தைகள் 18 இலட்சம். 1966இற் பிறந்தவை 13½ இலட்சம் அளவே. பெற்றோர் பலர் அவ்வாண்டிற் பிள்ளை பெறுவதையே தவிர்த்துவிட்டனர். மறுவருடம் கணக்கு மீண்டும் உயர்ந்தது. ஆயின், 1989இல், எந்த மூடநம்பிக்கையும் தடுக்காத சாதாரண ஆண்டொன்றில், ஒரு தாய்க்குரிய பிள்ளைக் கணக்கு 1966ஐயும் விடக் கீழே இறங்கிற்று. அப்பொழுதுதான் அந்நாட்டு அரசினர் திடுக்குற்று விழித்தனர். அதன்பின் அவர்கள் எத்தனையோ சலுகை வழங்கியும் பிறப்பு வீதம் மீளவில்லை; 2024இற் பிறந்தோர் ஏழு இலட்சத்துக்கும் குறைவு.

நூறு வயதை எட்டியோருக்கு அந்நாட்டு அரசாங்கம் 1963 முதல் வெள்ளிக் கிண்ணம் பரிசளித்து வருகின்றது. அவ்வாண்டில் அத்தகையோர் நாடு முழுவதும் 153 பேர். கிண்ணம் செய்வது எளிதாயிருந்தது. 2025இல் அவர் தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம்; பெரும்பாலோர் பெண்கள். செலவு தாங்காது கிண்ணத்தின் அளவைக் குறைத்தனர். 2016 முதல் வெள்ளியை விடுத்து வெள்ளி முலாம் பூசிய கிண்ணமே வழங்குகின்றனர். நகைப்புக்கு இடமாயினும், நாடு மூப்பெய்துதலின் பொருளை இதனைவிடச் சுருங்கச் சொல்லும் செய்தியை யாம் அறியோம்.

ஆயினும் யப்பானியர் கை கட்டி நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் முதியோர் பராமரிப்புக்கெனவே ஒரு காப்புறுதி முறையை ஏற்படுத்தினர். நாற்பது வயதானதும் ஒவ்வொருவரும் அதற்குச் சந்தா செலுத்தல் வேண்டும். செலவிற் பாதி அச்சந்தாவினாலும் மறுபாதி அரசிறையினாலும் நிறையும். மூத்த ஒருவர் தாமாகக் குளிக்கவோ உண்ணவோ இயலாத நிலையை அடையின், அவரது இயலாமையை அளந்து, அதற்கேற்ப வீட்டுக்கு உதவியாளர் அனுப்பப்படுவர். பெரும்பாலோர் கட்டணத்திற் பத்திலொரு பங்கு கொடுத்தாற் போதும். மாமியாரைப் பராமரிப்பது மருமகள் கடன் என்று பன்னூறாண்டு வாழ்ந்த சமூகம், அப்பாரத்தைப் பொதுப்பாரமாக மாற்றிற்று. இது எளிதில் நடந்ததன்று. அன்பைச் சந்தாப் பணத்துக்கு விற்பதா எனக் கேட்டவரும் அங்கே இருந்தனர். இத்துணைச் செய்தும் அந்நாட்டுக் கிராமங்களில் வீடுகள் பாழ்பட்டுக் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டுக் கணிப்பில் ஆளில்லா வீடுகள் 90 இலட்சம்.

ஆளில்லா வீடு என்றவுடன் எமது வடபகுதியைச் சேர்ந்தோர்க்கு யப்பான்வரை போகவேண்டியதில்லை. வேலியும் கிணறும் பூட்டிய கதவுமாய் நிற்கும் வீடு எம் ஊர்களில் எத்தனையோ. ஆனால் காரணம் வேறு. 1983இன் பின்னர் இலட்சக்கணக்கானோர் கனடா, பிரித்தானியா, பிரான்சு முதலிய தேசங்களுக்குச் சென்றனர். செல்லக்கூடியோர் இளைஞர்; செல்லாது நின்றோர் முதியோர். ஒரு நாடு மூப்படைவதற்குப் பிறப்புக் குறைவு, நெடுவாழ்வு ஆகிய இரண்டே காரணமெனினும், ஓர் ஊர் மூப்படைவதற்கு மூன்றாவது காரணமும் உண்டு: இளையோர் நீங்குதல். இதனை எண்ணித் தெளியவும் நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. 1981இன் பின் நாடு முழுவதையும் அளாவிய குடிசன மதிப்பு நிகழ்ந்தது 2012இலேதான். 2001ஆம் ஆண்டு மதிப்பு வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியில் நிறைவேறவில்லை. முப்பத்தொரு ஆண்டு எம் ஊர்களின் வயதை எவரும் எண்ணவில்லை.

பழைய மாணவர் பலர் இப்பக்கங்களைக் கடல் கடந்த நாடுகளிலிருந்து படிப்பர் என்பதை அறிவோம். அவர்களைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. அவர்கள் அனுப்பும் பணத்தால் எத்தனையோ பெற்றோர் மருந்துக்குக் குறைவின்றி வாழ்கின்றனர். ஆனால் இரவில் எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும், மலசலகூடத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும், வைத்தியசாலையில் வரிசையில் நிற்கவும் பணம் வராது, ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் அயல்வீட்டுப் பெண். அவரும் அறுபதை அண்டியவர்.

இனிப் பணத்தின் கணக்கைப் பார்ப்போம். இங்கே ஒரு நற்செய்தி உண்டு. அதனைப் பலர் சொல்லாது விடுகின்றனர். பதினைந்துக்கும் அறுபத்தைந்துக்கும் இடைப்பட்டோரை உழைப்போர் என்றும், ஏனையோரை அவரைச் சார்ந்தோர் என்றும் கொள்வோம். 1963இல் உழைக்கும் வயதினர் நூறுபேர் 82 பேரைத் தாங்கினர். அவ்வெண்பத்திருவரும் பெரும்பாலும் சிறுவர். 2024இல் நூறுபேர் தாங்குவது ஐம்பதின்மரை. ஆகவே மொத்தப் பாரம் இன்று குறைந்தேயுள்ளது. யப்பானில் இப்பாரம் எழுபதுக்கு அண்மையில். ஆனால் பாரத்தின் உள்ளீடு மாறிவருகின்றது. 2012இல் முதியவர் ஒருவருக்கு உழைக்கும் வயதினர் எட்டுப் பேருக்கு மேல், 2024இல் ஐந்துபேர். யப்பானில் இருவர். சிறுவரைத் தாங்குவது வீட்டுக்கும் பள்ளிக்கும் உரிய செலவு. சில ஆண்டிற் பலன் தரும். முதியோரைத் தாங்குவது வைத்தியசாலைக்கும் ஓய்வூதிய நிதிக்கும் உரியது, ஆண்டுதோறும் ஏறுவது. நீரிழிவும் இதயநோயும் மறதிநோயும் மலேரியாவைப் போல ஒரு மருந்து தெளித்து ஓட்டக்கூடியவை அல்ல.

உழைப்போர் மிகுந்தும் சார்ந்தோர் குறைந்தும் இருக்கும் இடைக்காலமே ஒரு நாடு சேமித்துக்கொள்ளத் தக்க பருவம். யப்பானும் தென்கொரியாவும் அப்பருவத்திலே தொழிலை வளர்த்துச் செல்வம் திரட்டின. எமக்கு அப்பருவம் வாய்த்த ஆண்டுகளிற் பெரும்பகுதி, 2009வரை, உள்நாட்டுப் போரிற் கழிந்தது. அப்பருவம் இன்னும் முற்றாக முடியவில்லை. முடிவு கண்ணுக்குத் தெரிகின்றது.

முதுமையில் யாருக்கு என்ன உண்டு? அரசாங்க உத்தியோகத்தருக்கு இறக்கும்வரை ஓய்வூதியம் உண்டு. எம்போன்ற ஆசிரியரும் அவருள் அடங்குவர். இதனாலன்றோ எம் ஊர்களில் மணமகன் தேடுவோர் நெடுங்காலம் அரசாங்க உத்தியோகத்தையே முதலில் விசாரித்தனர். தனியார் நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஆனால் அது மாதந்தோறும் வருவதன்று. ஆடவர் ஐம்பத்தைந்திலும் பெண்டிர் ஐம்பதிலும் மொத்தமாகப் பெறும் பணம். மகளின் திருமணத்திலோ வீட்டுக் கூரையிலோ அது முடிந்துவிட, பின்னும் இருபத்தைந்தாண்டு வாழவேண்டியுள்ளது. கமக்காரருக்கு 1987இல் ஓர் ஓய்வூதியத் திட்டம் வகுத்தனர், நிதி வறண்டு அது சிலகாலம் தடைப்பட்டது, தொகையும் சிறிது. கூலித்தொழிலாளர், சிறுகடை வைத்திருப்போர், தையற்காரர், ஓட்டோச் சாரதியர் முதலாகத் தொழில் செய்வோரிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதுமைக் காப்பெனத் தம் பிள்ளைகளையன்றி வேறில்லை. பிள்ளைகளோ இருவர், அவருள் ஒருவர் வெளிநாட்டில்.

பெண்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. ஆடவரினும் ஆறேழு ஆண்டு கூடுதலாக அவர் வாழ்கின்றனர். கணவனைவிட இளையவராகவும் மணக்கின்றனர். ஆகவே இறுதிப் பத்தாண்டைத் தனித்துக் கழிப்பவர் பெரும்பாலும் அவரே. ஆயினும் சம்பளம் பெறும் வேலையில் ஈடுபடுவோர் பெண்களுள் மூன்றிலொரு பங்கினரே. எஞ்சியோர் பெயரில் எந்த நிதியும் இல்லை. பெண்கள் மேலும் பலர் வேலைக்குச் சென்றால் உழைப்போர் தொகை பெருகும், பாரமும் குறையும் என்று பொருளாதார அறிஞர் கூறுவது சரியே. ஆனால் அப்பெண்களே இன்று வீட்டிலிருந்து முதியோரைப் பராமரிப்போர். அவர்கள் போய்விட்டால் அவ்வேலையை யார் செய்வது என்பதற்கும் விடை சொல்லியாதல் வேண்டும்.

பெற்றோரைப் பேணாத பிள்ளைகளைச் சட்டத்தாற் கட்டுப்படுத்தலாம் என்ற எண்ணமும் பல நாடுகளில் எழுந்துள்ளது. பிரான்சின் குடியியற் சட்டக்கோவையில் 1804 முதலே அவ்விதி உண்டு. சிங்கப்பூர் 1995இலும், இலங்கை 2000ஆம் ஆண்டிலும், இந்தியா 2007இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. இலங்கைச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பேண இயலாத முதியவர், தம் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் பெறுதற்கு ஒரு சபையிடம் முறையிடலாம். சட்டம் நல்லதே. ஆயினும் பெற்ற பிள்ளைமீது மனுக்கொடுக்க எத்தனை தாய்மார் முன்வருவர்? கடுமையான வறுமையிலும் ‘அவன் என்ன செய்வான்’ என்று மகனுக்காக வாதாடும் தாயையே யாம் எங்கும் காண்கின்றோம். கொடுக்க மனமிருந்தும் கையில் இல்லாத பிள்ளைக்குச் சட்டம் யாது செய்யும்? ஆகவே குடும்பத்தையே நம்பி நாடு ஒதுங்கி நிற்றல் இயலாது என்பது எம் துணிபு. யப்பானியர் போல நாற்பது வயது முதலே எல்லோரும் சிறிது சிறிதாகச் செலுத்தும் நிதியொன்று, உழைப்போர் ஐவர் உள்ள இன்று தொடங்கப்படின் நடக்கும். மூவராகும் நாளில் நடவாது.

அந்நிதிக்குப் பணம் சேர்ந்தாலும் பராமரிப்போர் எங்கிருந்து வருவர்? முதியோரைத் தூக்கவும் கிடத்தவும் புண்வராமற் காக்கவும் பயின்ற இளைஞர் எம் நாட்டிலே உருவாகாமலில்லை. பராமரிப்பாளராக இஸ்ரேலுக்குச் செல்வோர் பலர். பயிற்சி பெற்ற தொழிலாளரை யப்பானுக்கு அனுப்புதற்கு 2019இல் உடன்பாடு செய்துகொள்ளப்பட்டது. முதியோர் பராமரிப்பும் அத்தொழில்களுள் ஒன்று. அதற்காக யப்பானிய மொழி கற்பிக்கும் வகுப்புக்களின் விளம்பரம் எம் பட்டணங்களின் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கின்றது. விரைந்து மூப்படையும் ஏழை நாடு, முன்னமே மூத்துவிட்ட செல்வ நாட்டுக்குத் தன் பராமரிப்போரை அனுப்பிவைக்கின்றது. அங்கே கிடைக்கும் சம்பளத்தைக் கண்டு செல்லும் இளைஞரைக் குற்றம் சொல்லுதல் தகாது. திரும்பி வருவோரின் பயிற்சியை இங்கே பயன்படுத்தத்தக்க பதவியும் ஊதியமும் வகுக்கப்படாமையே குறை.

ஓய்வுபெறும் வயதும் இதனோடு தொடர்புடையது. 2022இல் அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வுவயது அறுபத்தைந்தாக உயர்த்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அறுபதாக இறக்கப்பட்டது. தனியார் துறையில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் அறுபதை எல்லையாக்கிற்று. இளையோர்க்கு வேலையில்லை என்பார் ஒருபுறமும் ஓய்வூதியச் செலவு தாங்காது என்பார் மறுபுறமுமாக இவ்விழுபறி இன்னும் நெடுங்காலம் நடக்கும். அறுபதில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தோட்டத்தையும் கோயிலையும் சனசமூக நிலையத்தையும் பார்த்துக்கொண்டு இருபதாண்டு வாழக் காண்கின்றோம். அவரை உழையாதோர் கணக்கிற் சேர்ப்பது புள்ளிவிபரத்துக்கு வசதி. ஊருக்கு அவர் உழைப்பவரே.

இறுதியாகப் பள்ளிக்கூடத்தின் கணக்கைக் கூறி நிறுத்துவோம். 1960இல், இலங்கையின் குடித்தொகை ஒரு கோடியை அண்மித்திருந்தபோது, பிறந்த குழந்தைகள் மூன்று இலட்சத்து அறுபதினாயிரம் அளவில். 2024இல், குடித்தொகை இரண்டு கோடியே பதினேழு இலட்சத்தைத் தாண்டியபோது, பிறந்தவை இரண்டு இலட்சத்து இருபதினாயிரம் அளவில். இக்குழந்தைகளுட் பெரும்பாலார் 2030ஆம் ஆண்டிலே முதலாம் வகுப்பில் வந்து அமர்வர். அவ்வாண்டில் 1960இற் பிறந்தோர் எழுபது நிறைவர். அம்முதலாம் வகுப்புக்குப் பாடம் சொல்லப்போகும் இளம் ஆசிரியர்கள் இன்று எமது நாட்டுப் பள்ளிகளின் மேல் வகுப்புக்களில் மாணவராய் இருக்கின்றனர்.